முப்பது மணித்தியாலச் சேறும் ஒரு செக்பொயின்ற்றும்

முதலில் காசுக் கதை. எயார்சொஃப்ட் என்ற துவக்கு விளையாட்டு ஒன்றுக்கு ரிக்கெற் 115 பவுண், அதோடு பெற்றோல், மக்கும் பிளாஸ்டிக் குண்டு இரண்டு பை, மழையில் நனைந்து செத்துப்போன ஒரு பற்றரி, எல்லாம் சேர்த்து ஒரு வார இறுதிக்கு இருநூறைத் தாண்டிவிட்டது. இந்தக் காசைக் கொடுத்து ஒக்ரோபர் மழையில் மத்திய இங்கிலாந்துக் காடு ஒன்றுக்குள் சனி காலை எட்டிலிருந்து ஞாயிறு மத்தியானம் இரண்டு வரை கிடந்தேன். இரவு இரண்டு மணிக்குக் காவல் நின்றேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியாமல் வாசற்படியில் இருந்துவிட்டேன். திரும்பப் போவாயா என்று கேட்டால் அநேகமாகப் போவேன், ஆனால் சிலதைச் சொல்லிவிட்டுத்தான். நடத்தினவர்களின் பெயரைப் போடவில்லை, அவர்களுக்கே நேராக எழுதிவிட்டேன்.

எயார்சொஃப்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டைச் சுடும், பார்க்க அசல் துவக்குப் போலவே இருக்கும் சாமான். சாதாரண ஆட்களுக்குத் துவக்கு கிடைக்காத ஜப்பானில் தொடங்கின விளையாட்டு இது. 1991இல் டோக்கியோ மருய் மின்மோட்டாரில் ஓடும் துவக்கை இறக்கின பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. பெயின்ற்போல் மாதிரிச் சாயம் ஒட்டாது. குண்டு பட்டால் பட்டவரே கையைத் தூக்கி ‘ஹிட்’ என்று சொல்ல வேண்டும். முழு விளையாட்டும் அந்த ஒரு நேர்மையில்தான் நிற்கிறது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் வருவாய், சுடுவாய், செத்தால் நடந்து போய் மரத்தைத் தொட்டுவிட்டு மறுபடி வருவாய், இடையில் பேகர் சாப்பிடுவாய். மில்சிம் என்பது அதையே இராணுவம் மாதிரிச் செய்வது: அணி, கட்டளை, ரேடியோ, வரைபடம், அளந்து கொடுத்த குண்டு, காயம்பட்டால் கட்டுப்போட ஒரு ஆள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது குண்டுக் கணக்கு. துவக்கில் செருகும் குண்டுப் பெட்டியான மகஸீன் ஒன்றுக்கு 30 குண்டு, ஆளுக்கு ஏழு மகஸீன், மொத்தம் 210. அமெரிக்கப் படையில் எம்4 துவக்கு வைத்திருப்பவருக்கு வழமையாகக் கொடுக்கும் அதே அளவு. சாதாரண ஆட்டத்தில் ஹை-கப் என்கிற, முந்நூறு நானூறு குண்டு கொள்ளும், அடியில் சில்லைச் சுற்றிவிட்டால் ஊற்றிக்கொண்டே இருக்கும் மகஸீன்தான் எல்லோரிடமும் இருக்கும், பற்றைக்குள் ஏதோ அசைந்தால் அரை நிமிடம் தண்ணீர் அடிக்கிற மாதிரி அடிப்பார்கள். இங்கே அது முடியாது. முதல் மணித்தியாலத்திலேயே எங்கள் அணியில் ஒருவர் நான்கு மகஸீனை முடித்துவிட்டு மீதி நாள் முழுக்க மற்றவர்களிடம் கடன் கேட்டுத் திரிந்தார், பாவம். அதற்குப் பிறகு எல்லோரும் மாறிப்போனோம். யார் சுடுவது, யார் நகர்வது, எத்தனை குண்டு மிச்சம் என்று ஆளுக்காள் கதைக்கத் தொடங்கினோம். பக்கத்தில் நிற்பவர் பெயர் கூடத் தெரியாமல் மூன்று வருசம் ஞாயிறு ஆட்டம் ஆடியிருக்கிறேன், இங்கே மத்தியானத்துக்குள் ஒன்பது பேரின் பெயரும், யாருக்கு முழங்கால் நோ என்பதும் தெரிந்துவிட்டது. அசல் மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் விளையாட்டைத் தூக்கிவிட்ட இடம் இது.

காய விதியும் அப்படித்தான். குண்டு பட்டால் அந்த இடத்திலேயே விழ வேண்டும், பத்து நிமிடத்துக்குள் உங்கள் ஆள் வந்து கையில் துணி சுற்றாவிட்டால் செத்த கணக்கு. நான் ஒரு ஓடைக் கரையில் முழுப் பத்து நிமிடமும் முகத்தில் மழை விழப் படுத்துக்கிடந்தேன், ஒருவரும் வரவில்லை. அடுத்த முறை எழும்பி ஓடுவதற்கு முன் இரண்டு தடவை யோசித்தேன்.

சரி, இனி இந்த விளையாட்டில் அசல் என்று ஒன்று எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கதை. பெரும்பாலான இங்கிலாந்து மைதானங்களைப் போலவே இங்கும் 0.20 கிராம் குண்டுக்கு விநாடிக்கு 350 அடி, அதாவது 1.14 ஜூல்தான் எல்லை, காலையில் ஒவ்வொரு துவக்கையும் குரோனோ என்ற வேகம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். சட்டம் தொடர்ச்சியாகச் சுடுவதற்கு 1.3, ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் வரை விடுகிறது, மைதானங்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. இந்த வேகத்தில், துவக்குக்குள் இருக்கும் ஹொப்-அப் என்ற பாகம் குண்டுக்குப் பின்சுழற்சி கொடுத்து மிதக்க வைத்தாலும், ஐம்பது அறுபது மீற்றருக்கு மேல் ஒருவரைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். அசல் எம்4 அதைப் போல எட்டு மடங்கு தூரத்துக்குச் செய்யப்பட்டது. அதைவிட, ஒரு இலை குண்டைத் திருப்பிவிடும். அசல் சண்டையில் பற்றை உங்களை மறைக்கும், காப்பாற்றாது. இங்கே இலை அடர்ந்த ஒரு நல்ல ஹொலி மரம் கொங்கிறீட் சுவருக்குச் சமம். ஆகவே புத்தகத்தில் உள்ள இராணுவப் பாடத்தை அப்படியே கொண்டுவந்தால் ஒன்றும் பொருந்தாது. எங்கள் அணித்தலைவர் திறந்த வயலைக் கடக்க வேண்டாம், முந்நூறு மீற்றர் சுற்றி வாருங்கள் என்று கட்டளையிட்டார். எதிரியிடம் இருந்த எந்தத் துவக்கும் அந்த வயலின் பாதியைக்கூடத் தொடாது. நாற்பது நிமிடம் முள்ளுக்குள் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இடத்தை விட்டுப் போயிருந்தார்கள். அதே நேரம், ஒரு பக்கம் சுட்டுத் தலையைக் குனிய வைத்துவிட்டு மறுபக்கத்தால் போவது என்ற பழைய பாடம் முப்பது மீற்றரிலும் அருமையாக வேலை செய்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர்தான் நல்ல தலைவர்.

எங்கள் தலைவர் அப்படிப்பட்டவர் அல்ல. தோளில் பதவிப் பட்டி, ரேடியோவில் படத்தில் வருகிற மாதிரிக் குரல், ‘சேர்’ என்று கூப்பிடாத பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனை எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கத்தினார். கிழமை நாட்களில் அவர் என்ன வேலை செய்கிறாரோ தெரியாது, ஆனால் அங்கே யாரும் அவர் சொல் கேட்பதில்லை என்று மட்டும் எனக்குப் பட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: தொடர்ச்சியாகக் குண்டு பட்டும் ஹிட் சொல்லாமல் ஓடினவர்களில் இவரும் ஒருவர். நான் பார்த்தேன், என் பக்கத்தில் நின்றவரும் பார்த்தார். உடுப்பு, தொப்பி, தொலைநோக்கி எல்லாம் சரியான வருசத்து மொடல், கையைத் தூக்குவது மட்டும் வரவில்லை.

அணியில் ஒருவர் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் இரண்டு தடவை இருந்தவர், அசல் பிரிட்டிஷ் படையில். அவர் ‘சேர்’ என்று யாரையும் கூப்பிடவில்லை, தன்னையும் கூப்பிடச் சொல்லவில்லை. ஆனால் மென்மையான மனிதர் என்று நினைக்க வேண்டாம், ஒரு விஷயத்தில் பயங்கரக் கண்டிப்பு: சொக்ஸ். சனி இரவு ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி ரோர்ச் அடித்துக் காலைப் பார்த்தார். எனக்கு இரண்டு விரலுக்கு நடுவில் வெள்ளையாக ஊறியிருந்தது. காய்ந்த சொக்ஸ் இல்லை என்றதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் அம்மா கூட அப்படிப் பார்த்ததில்லை. தன்னுடையதை ஒரு சோடி எறிந்தார். அது நன்றாகத்தான் இருந்தது, திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அம்மா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பொதுமக்கள் இராணுவ உருமறைப்பு உடுப்புப் போடக்கூடாது. லண்டனில் பிரிட்டிஷ் படையின் பழைய எம்.டி.பி உருமறைப்புச் சேட்டைப் பழைய இராணுவ உடுப்பு விற்கும் கடையில் இருபது பவுணுக்கு வாங்கலாம். நான் வாங்கி வைத்திருக்கிறேன், அம்மா அதைத் தோய்த்தும் தருவார், ஆனால் பின்வளவுக் கொடியில் காயப்போட மட்டும் விடமாட்டார். குளியலறைக்குள்தான் தொங்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இனி செக்பொயின்ற். ஞாயிறு காலை ஒரு பாதையில் காவலரண் வைத்தார்கள், செத்து முடிந்தவர்களில் ஆறு பேருக்குப் பொதுமக்கள் வேடம். சீட்டுக் குலுக்கல்தான், நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்யவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எனக்கும் விழுந்தது. தோளில் ஒரு போர்வை, கையில் கடதாசி அடையாள அட்டை. நாங்கள் பாதையில் வரவும் மூன்று பேர் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்து, முழங்காலில் இரு, கையைத் தலையில் வை என்று ஒரே கூச்சல், ஒருவர் என் அட்டையைப் பறித்துச் சேற்றில் போட்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நல்ல நடிப்பு என்று முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

1998இல் எனக்குப் பதினொரு வயது, யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சைக்கிள் கரியரில் இருந்து பள்ளிக்கூடம் போவேன். செக்பொயின்ற் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வரிசை. வெயில். அங்கே நின்ற ஆமிக்காரருக்கு இருபது வயது கூட இருக்காது, கத்தவும் இல்லை, ஓடிவரவும் இல்லை, பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டு என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடித் தருவார். அம்மா சிங்களத்தில் மூன்று சொல் பாடமாக்கி வைத்திருந்தார், வரிசை நகர நகர அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். ஒவ்வொரு நாளும் அதே மூன்று சொல். எங்கள் காட்டுச் செக்பொயின்ற்றில் துவக்கில் தொலைநோக்கி பூட்டும் சட்டத்தின் திருகாணி வரை சரியாக இருந்தது, ஆனால் வரிசையே இல்லை. வரிசையில் நிற்பவர் பையில் என்ன வைத்திருப்பார், எங்கே போகிறார், பிந்தினால் யார் திட்டுவார்கள் என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. நான் கோபப்படவில்லை, உண்மையாக. தொலைநோக்கி மொடலுக்கு மணிக்கணக்காகத் தேடியவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் தேடியிருக்கலாமே என்றுதான் இருந்தது. மச்சான் ஒருவன் கேட்டான், உனக்கு விசரா, அதையெல்லாம் விட்டு ஓடிவந்துவிட்டுக் காசு கொடுத்து விளையாடுகிறாயா என்று. காடு பிடிக்கும், அமைதியாக நகர்வது பிடிக்கும், சாமான்களும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் அவனுக்குச் சொல்லப் பதில் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு. துவக்கு வாங்குவதென்றால் எப்படியும் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பதிவு செய்த மைதானத்தில் மொத்தம் 56 நாளுக்குக் குறையாத காலத்துக்குள் மூன்று ஆட்டம் முடித்து, எயார்சொஃப்ட் விற்பனையாளர் சங்கமான யூக்காராவின் பதிவு எடுங்கள், பதிவு இல்லாவிட்டால் பளிச்சென்ற நிறம் அடித்ததுதான் கிடைக்கும். முதல் தடவைக்கு வாடகைத் துவக்கே போதும். கண்ணாடிக்கு ஈ.என்.166 என்ற ஐரோப்பியக் கண்பாதுகாப்புத் தரநிலையில் பி தரம் பாருங்கள், வெறும் எஃப் தரத்தோடு வராதீர்கள், அது இதைவிட மெதுவான அடிக்குத்தான் சோதித்தது. வலைக் கண்ணாடி பனிபிடிக்காது, ஆனால் உடைந்த குண்டின் தூள் உள்ளே வரும். துவக்கைப் பைக்குள் வைத்துத்தான் கொண்டு போக வேண்டும், வெளியில் நியாயமான காரணமில்லாமல் போலித் துவக்கோடு திரிவதே குற்றம். திரும்பும் வழியில் பெற்றோல் செற்றில் முழு உடுப்போடு, இடுப்பில் வெற்று ஹோல்ஸ்ரரோடு இறங்கிக் கோப்பி வாங்கப் போன ஒருவரைப் பார்த்தேன், காசாளர்ப் பிள்ளையின் முகம் போன போக்கு… ஒரு ஜம்பரை மேலே போட எவ்வளவு நேரம் ஆகும்? கழிப்பறை நான்கு, நூற்றிருபது பேருக்கு, ஞாயிறு காலை அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. வாகனம் நிறுத்த இடம் தாராளம். சாப்பாடு நீங்களே கொண்டு போக வேண்டும், நான் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனேன், ஹெல்மண்ட்காரர் பாதியைச் சாப்பிட்டுவிட்டார், சொக்ஸுக்குச் சரி.

புள்ளி வேண்டுமென்றால் ஐந்துக்கு மூன்றரை. குண்டுக் கணக்குக்கும் காய விதிக்கும் முழுப் புள்ளி. ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல்கள் நியாயமானவர்கள், ஆனால் ஹிட் சொல்லாதவர்களைத் தூக்கி வெளியே போடும் தைரியம் அவர்களுக்கு இல்லை.

செக்பொயின்ற் பற்றி நடத்தினவர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், அனுப்பின பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் பதில் வந்தது, மரியாதையாகவே. ஏப்ரல் ஆட்டத்துக்கு அந்தக் காட்சியை நீங்களே எழுதித் தருகிறீர்களா, ரிக்கெற் இலவசம் என்று. இன்னும் பதில் போடவில்லை. அந்த மூன்று சொல் என்னவென்று அம்மாவிடம் கேட்க வேண்டும், எனக்கு இரண்டுதான் ஞாபகம் இருக்கிறது.