திங்கள்சந்தைக்கு வந்த புது வண்டியும் பிபிஎஃப் ஃபிலிம் கணக்கும்

இந்த முறை 28 நாள் லீவு. மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போதே பெரிய வேலை ஒன்றுதான் மனதில் இருந்தது. அப்பா பெயரில் புக் செய்திருந்த வண்டியை நாகர்கோவிலில் டெலிவரி எடுத்து, நான் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சரிபண்ணிக் கொடுத்துவிட வேண்டும். கருநீல நிறத்தில் சின்ன எஸ்யூவி. இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பிபிஎஃப், அதாவது பெயின்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிம் (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்), அதை ஒட்டலாமா வேண்டாமா என்பதில்தான் எட்டு நாள் போனது.

யோசிக்க வைத்தது எங்கள் ஊர் திங்கள்சந்தைப் பக்கத்து ரோடுதான். அப்பா மாதம் ஒருமுறை செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போவார். தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நீளும் அந்த ரோட்டில், கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் கொண்டுபோகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால்தான் பாதித் தூரம் போக வேண்டியிருக்கும். தார்ப்பாய் ஒழுங்காக மூடாத லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், பின்னால் வருகிற வண்டியில் சடசடவென்று கல் தெறிக்கும். அத்தானின் வண்டிக்கு மூன்று வயது. அதன் பானட் நுனியை ஒருநாள் குனிந்து பார்த்து எண்ணினேன். பெயின்ட் தெறித்த புள்ளிகள் 14. அதில் இரண்டு தகரம் வரை போய், ஓரத்தில் பழுப்பாகத் துரு கட்டியிருந்தது. கடல் பக்கத்து ஈரக்காற்றில் இந்தத் துரு சும்மா இருக்காது, பெயின்டுக்கு அடியிலேயே பரவும்.

மஸ்கட்டில் என் வண்டியின் பம்பரை மணல் காற்று அரம் போட்டது போல மங்கலாக்கியதைப் பார்த்தவன் நான். அதனால் இந்த ஃபிலிம் எனக்குப் புதிதல்ல. 1960களில் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்கப் பயன்பட்ட ஃபிலிமின் வழியில் வந்ததுதான் இன்றைய பிபிஎஃப். நல்ல ஃபிலிம் டிபியு என்ற பாலியூரித்தேன் வகையில் இருக்கும், கனம் 150 முதல் 200 மைக்ரான். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100, 120 மைக்ரான்தான் வரும். பெயின்டை விடக் கனமான, ரப்பர் போல அமுங்கி எழும் ஒரு தோல் மேலே கிடப்பதால்தான் கல் பட்டாலும் அடி உள்ளே போவதில்லை. பெயின்ட் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங் அப்படியில்லை. அது சில மைக்ரான் கனம்தான். தண்ணீர் நிற்காது, கழுவுவது எளிது, பளபளப்பு வரும். கல்லை அது தடுக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று ஊரில் மூன்று பேராவது என்னிடம் சொன்னார்கள். அது தவறு.

முதலில் ஷோரூமில் கேட்டேன். முழு பாடிக்கு 1,15,000 ரூபாய், டெலிவரிக்கு முன்பே ஒட்டித் தந்துவிடுவோம் என்றார்கள். எந்தக் கம்பெனி ஃபிலிம் என்று கேட்டால் "நல்ல ஃபிலிம் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஒட்டும் இடத்தையும் காட்டவில்லை. டெலிவரிக்கு முன் ஒட்டிவிட்டால், அடியில் ஏதாவது கீறலோ டச்-அப்போ இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? வண்டியை வெறுமனே எடுத்து, பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்த பிறகுதான் எதுவும் ஒட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இரண்டாவது கடையில் முழு பாடிக்கு 48,000 ரூபாய், அதுவும் டிபியு என்றார்கள். விலையைக் கேட்டதும் சந்தேகம் வந்தது. ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி வாங்கி இழுத்துப் பார்த்தேன். இழுத்தது இழுத்தபடியே நீண்டு நின்றது, திரும்பிச் சுருங்கவில்லை. மூக்கருகே வைத்தால் புது ரெயின்கோட் வாசனை. அது பிவிசி. வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துப் போகும், அப்புறம் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும், பசை பெயின்டிலேயே தங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவன், அடுத்த மாதம் கேட்க வரமாட்டான் என்று நினைத்துப் பொய் சொல்கிறார்களே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மூன்றாவது இடம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஷெட். மூன்று பக்கமும் மூடி, தூசி பறக்காமல் தரையை நனைத்து வைத்திருந்தார்கள். நடத்தும் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். முழு பாடி 98,000, முன்பக்கம் மட்டும் என்றால் 34,000, இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்றார். முழுசும் ஒட்டினால் உப்புக்காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டேன். "இல்லண்ணே. துரு அடியில இருந்துதான் வரும். ஃபிலிம் அங்க ஒண்ணும் செய்யாது. முட்டம், குளச்சல்னு போயிட்டு வந்தா அடிப்பக்கம் நல்லதண்ணி அடிங்க, அதுதான் வேணும்." வேறு கடைகளில் உப்புக்காற்றைச் சொல்லித்தான் முழு பாடியை விற்கப் பார்த்தார்கள். இவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத்தான் 64,000 ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். அந்தப் பதிலோடு கடையை நான் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவுக்குச் சம்மதமில்லை. "ரோட்டுல ஓடுத வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு மக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். பக்கவாட்டிலும் கூரையிலும் கல் படுவது குறைவு, அங்கே பணம் போடுவதில் எனக்கும் மனமில்லை. முன் பம்பர், முழு பானட், இரண்டு ஃபெண்டர், மிரர், ஹெட்லைட், நான்கு கதவுக் கைப்பிடிக்கு உள்ளே நகம் கீறும் குழி, இவ்வளவு போதும் என்று பேசி முடித்தோம். பானட்டில் பாதி மட்டும் ஒட்டினால் இன்னும் குறையும். ஆனால் நடுவில் கோடு தெரியும், அதில் அழுக்கு சேரும். அதனால் முழு பானட். வரியோடு 40,120 ரூபாய் ஆனது.

இரண்டு நாள் வேலை, முதல் நாள் நான் கூடவே இருந்தேன். கழுவிய பிறகு ஒரு திரவத்தை அடித்தார்கள். புது வண்டிதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கதவுக்குக் கீழே ஊதா நிறத்தில் கோடு கோடாக வழிந்தது. வழியில் ஒட்டிய இரும்புத் துகள் கரையும்போது அப்படித்தான் நிறம் மாறுமாம். அதன் பிறகு களிமண் போன்ற கட்டியால் தேய்த்து, கை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும் வரை விடவில்லை. மீட்டர் வைத்து பெயின்ட் கனம் பார்த்தார். பானட்டில் 112 மைக்ரான், மற்ற இடங்களிலும் ஏறத்தாழ அதுவே. எங்காவது 200-க்கு மேல் காட்டினால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் ஒட்டிய ஃபிலிமை உரித்தால் பெயின்டும் சேர்ந்து வந்துவிடலாம். ஃபிலிம் ஒட்டிய பிறகு பானட்டில் அதே மீட்டர் 301 காட்டியது.

நீங்கள் ஒட்டப் போனால் கட்டாயம் கேட்க வேண்டியது, ஃபிலிமை எங்கே வெட்டுகிறார்கள் என்பது. வண்டி மேலேயே வைத்து பிளேடால் வெட்டினால் பெயின்டில் கோடு விழும், அது ஃபிலிம் எடுக்கும் நாளில்தான் தெரியும். இங்கே வண்டி மாடலுக்கு அளவெடுத்த வடிவத்தை மெஷினில் வெட்டி வைத்திருந்தார்கள். சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமை மிதக்க விட்டு, ரப்பர் தகடால் தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். பம்பர் வளைவில்தான் நேரம் எடுத்தது. ஃபாக் லேம்ப் பக்கம் ஒரு துண்டை மூன்று முறை எடுத்து எடுத்து ஒட்டினார். அதிகம் இழுத்தால் பின்னால் ஓரம் எழும்பும் என்று அவசரப்படவே இல்லை. ஒரு வாரம் கழுவக் கூடாது, சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழ் தானே வற்றிவிடும் என்றார். அப்படியே வற்றியது. வாரண்டி அட்டையை அப்பா பெயரிலேயே எழுத வைத்தேன். மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது இவற்றுக்கு ஏழு வருடம். நாமாகக் கீறினால் இல்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். காலையில் காபி குடித்துவிட்டு, தோளில் கிடக்கிற துவர்த்தை எடுத்துக் காய்ந்த வண்டியைத் துடைப்பார். அந்தத் தூசியோடு துடைத்தால் கருநீலத்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். பானட்டில் விழுந்தால் பரவாயில்லை, மெல்லிய கீறலை ஃபிலிம் வெயில் சூட்டிலேயே ஆற்றிக்கொள்ளும். கதவில் ஃபிலிம் இல்லையே. இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் வாங்கிக் கொடுத்து, முதலில் நனைத்து, அப்புறம் துடைத்துக் காட்டினேன். காக்கை எச்சத்தையும் அன்றன்றே நனைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஃபிலிம் இருக்கிறது என்று விட்டுவிட்டால் அதிலும் கறை ஏறும்.

திரும்பும் நாள் அத்தான்தான் ஏர்போர்ட்டுக்கு ஓட்டினார். குழித்துறை தாண்டி ஒரு டாரஸ் பின்னால் மாட்டினோம், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பார்க்கிங்கில் இறங்கியதும் அப்பா என் பெட்டியைக்கூட எடுக்காமல் நேராக முன்னால் போய்க் குனிந்தார். பானட் நுனியில் கடுகளவு ஒரு பள்ளம். விரலால் தடவிப் பார்த்து, "ஃபிலிம்லதான் பட்டிருக்கு" என்றார். அடுத்த செவ்வாய் பார்க்கும்போது அந்தப் பள்ளமும் பாதி நிரந்துவிட்டதாக போனில் சொன்னார்.