வளைவில் வற்றாத பெட்ரோல்: சாட்ஸ்வர்த் பட்டறை ஒன்றின் வேலை

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அப்பாவும் மகனுமாக நடத்தும் ஒரு சிறு பட்டறையில், என் சிட்டி கோல்ஃப் காரின் பெட்ரோல் அமைப்பு முழுவதையும் புதிதாகப் போட்டுக்கொண்டேன். கையில் இருக்கும் வேலையே போதும், விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை விரிவாகவே எழுத விரும்புகிறேன். டர்போ எஞ்சின் மாற்றிய கார்களைப் பந்தயத் தடத்திற்குக் கொண்டுபோகும் நம்மவர்களில் பலர், குதிரைத்திறனுக்குச் செலவிடும் பணத்தில் பாதியைக்கூடப் பெட்ரோல் குழாய்களுக்குச் செலவிடுவதில்லை என்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

என் கார் 2006ஆம் ஆண்டு மாடல். அதில் ஃபோக்ஸ்வாகனின் 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கிறது. முதலில் வேறொரு இடத்தில்தான் சர்ஜ் டேங்கும் (வளைவில் பெட்ரோல் ஒதுங்கினாலும் பம்புக்குத் தொடர்ந்து கிடைக்கும்படி சிறிதளவைச் சேர்த்து வைக்கும் குட்டி டேங்க்) பெரிய பம்பும் போட்டிருந்தேன். போர்ட் ஷெப்ஸ்டோன் அருகே உள்ள டெஸி தடத்தில், டேங்கில் கால் பங்கு பெட்ரோல் இருக்கும்போது ஒரு நீண்ட வலது வளைவில் எஞ்சின் திணறியது. பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் பம்ப் காற்றை இழுத்துவிட்டது. அழுத்தம் 1.6 பாருக்கு இறங்கி, லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1ஐத் தாண்டினால் பெட்ரோல் குறைவு) 1ஐத் தாண்டிப் போனதைக் காரின் தரவுப் பதிவில் பின்னர் கண்டேன். டர்போ முழு வேகத்தில் ஊதும்போது கலவை அப்படி மெலிந்தால் எரிதல் நெறி தவறி வெப்பம் ஏறும். எனக்கு அது மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனைப் பறித்தது. சர்ஜ் டேங்க் இருந்தும் இப்படி நடந்தது ஏன் என்ற கேள்வியோடுதான் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

போனவுடன் பொருள்களின் விலைப்பட்டியலைத்தான் எதிர்பார்த்தேன். பெரியவரோ மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்துவிட்டார். "தம்பி, எந்த பம்ப் போடலாம்னு அப்புறம் பேசுவோம். இருக்கிற பம்புக்கு எத்தனை வோல்ட் போகுதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றார். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பம்பின் முனையில் 11.2தான் இருந்தது. பழைய மெல்லிய வயரிலேயே பெரிய பம்பை இணைத்திருந்தார்கள். மின்னழுத்தம் குறைந்தால் பம்ப் தள்ளும் அளவும் குறையும். அழுத்தம் ஏறும்போது இன்னும் குறையும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிப் பம்ப் வாங்குபவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து அவர் காட்டியதுதான் என் கேள்விக்கு விடை. பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மிச்சத்தைத் திருப்பிவிடும் ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் குழாய் சர்ஜ் டேங்கிற்கு வராமல் நேரே பெரிய டேங்கிற்குப் போயிருந்தது. மணிக்கு 200 லிட்டர் தள்ளும் பம்ப் நொடிக்கு ஏறக்குறைய 55 மில்லிலிட்டரை வெளியே எடுக்கிறது. எஞ்சின் எரித்ததுபோக மிச்சமும் வேறு இடத்திற்குப் போய்விட்டால், 2 லிட்டர் சர்ஜ் டேங்க் அரை நிமிடம் கடந்ததும் காலியாகிவிடும். திரும்பும் குழாயைச் சர்ஜ் டேங்கிலேயே இணைத்தால், எஞ்சின் உண்மையில் குடிக்கும் 25 மில்லிலிட்டர் மட்டுமே நொடிக்குக் குறையும். பெரிய டேங்கிலிருந்து சர்ஜ் டேங்கை நிரப்பும் லிஃப்ட் பம்ப் முழுக்கக் காற்றையே இழுத்தாலும் ஒரு நிமிடத்திற்கு மேல் தாங்கும். எந்த வளைவும் அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை. நிரம்பி வழிவது மட்டும் மேல் முனை வழியாகப் பெரிய டேங்கிற்குப் போக வேண்டும். சூடான பெட்ரோலும் ஆவிக் குமிழ்களும் அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் காரை நிறுத்தி வைத்து மீண்டும் கிளப்புகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிறகுதான் கணக்குப் போட்டார்கள். என் இலக்கு 180 கிலோவாட். டர்போ எஞ்சின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 365 கிராம் பெட்ரோல் கேட்கும் என்று வைத்தால், மொத்தம் 66 கிலோ, அதாவது 89 லிட்டர். எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டருக்கும் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்திற்கு 370 மில்லிலிட்டர். இன்ஜெக்டர் 80 விழுக்காடு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் குறைந்தது 465 வேண்டும். 550 போட்டார்கள். நான் பெருமைக்காக 1,000 கேட்டேன். ஐட்லிங்கில் அவ்வளவு பெரிய இன்ஜெக்டரை நிதானமாக ஆள என் காரின் பழைய எஞ்சின் கணினியால் முடியாது என்று மகன் பொறுமையாக விளக்கி மறுத்துவிட்டார். அந்த மறுப்பால் அவர்களுக்குத்தான் வருமானம் குறைந்தது. அதை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சர்ஜ் டேங்கிற்குப் பின் ஒரு வால்ப்ரோ 255 பம்ப், பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் வடிகட்டி, பின்னால் 10 மைக்ரான் வடிகட்டி, ரிலேயோடு பேட்டரியிலிருந்து நேரே வரும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், இன்டேக்கின் அழுத்தத்தை அறிந்து அதற்கேற்ப ஏறி இறங்கும் ரெகுலேட்டர் என்று அமைத்தார்கள். அடிப்படை அழுத்தம் 3 பார். டர்போ 1.2 பார் ஊதும்போது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயில் 4.2 இருக்கும். இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எப்போதும் 3 பாராகவே நிற்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள, ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள கயலாமி தடத்திற்குப் போனாலும், கடல்மட்டத்திலுள்ள டர்பனில் ஓட்டினாலும் இந்த வேறுபாடு மாறாது என்பது அதன் சிறப்பு.

என்னை முழுமையாக நம்ப வைத்தது ஒப்படைப்பதற்கு முன் அவர்கள் செய்த சோதனை. சார்ஜரை இணைத்து மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி, ரெகுலேட்டரில் 4.2 பார் வைத்து, திரும்பும் குழாயைக் கழற்றி அளவுக் குடுவைக்குள் விட்டு, 30 நொடி பம்பை ஓட்டினார்கள். 1.75 லிட்டர் வந்தது, மணிக்கு 210 லிட்டர். தேவையைவிட இரு மடங்குக்கும் மேல். அதன்பின் அழுத்தத்தை 6 பாருக்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துக் கசிவு பார்த்தார்கள். எஞ்சின் சுற்றாதபோது பம்ப் நின்றுவிடுவதையும் என் கண் முன்னே காட்டினார்கள். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் அறுந்த குழாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னிருக்கை இருந்த இடத்தில் முழு அலுமினியத் தடுப்புத் தகடும், டேங்கின் காற்றுக்குழாயில் கார் உருண்டால் மூடிக்கொள்ளும் வால்வும் போட்டிருக்கிறார்கள். முன்பு சர்ஜ் டேங்கிற்கும் என் முதுகுக்கும் நடுவில் ஒரு கம்பளம்தான் இருந்தது.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. ஒருமுறைகூட அவர்களாக அழைத்துத் தாமதத்தைச் சொல்லவில்லை. வயரிங் வரைபடம் கேட்டும் இன்னும் வரவில்லை. 10 மைக்ரான் வடிகட்டியைப் பின் அச்சுக்கு மேலே வைத்துவிட்டதால், அதை மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது. தடத்தின் ஓரத்தில் இது பெரிய தொல்லை. முதலில் போட்ட கம்பிப் பின்னல் ஹோஸின் உள்ளே ரப்பர் இருந்ததால் பெட்ரோல் ஆவி கசிந்து காருக்குள் நாற்றம் அடித்தது. சொன்னதும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) உட்பூச்சுள்ள ஹோஸாகத் தங்கள் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். மொத்தச் செலவு 31,000 ராண்ட். சிறிய தொகை அல்ல, ஆனால் நான் பிஸ்டனுக்கும் சிலிண்டர் வேலைக்கும் இழந்தது அதைவிட அதிகம்.

வேலை முடிந்ததும் டெஸிக்கே திரும்பிப் போனேன். என் அப்பாவும் உடன் வந்தார். இளமையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ராய் ஹெஸ்கெத் தடத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தவர் அவர். 1981இல் அது மூடப்பட்ட வருத்தம் அவருக்கு இன்றும் தீரவில்லை. டேங்கில் வெறும் 10 லிட்டர் மட்டும் விட்டு, அதே வலது வளைவை இருபது சுற்று ஓட்டினேன். அழுத்த வேறுபாடு 2.9க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. லாம்டா 0.80ஐ ஒட்டியே நின்றது. அந்தப் பதிவைப் பட்டறைக்கு அனுப்பினேன். பெரியவர் பாராட்டை ஏற்றுக்கொண்டு, 2.9ஆக இறங்கிய அந்த ஒரு சுற்று எது, அப்போது பம்பில் எத்தனை வோல்ட் இருந்தது என்று கேட்டு எழுதியிருந்தார். வடிகட்டியை எட்டும் இடத்திற்கு மாற்றுவதற்காக அடுத்த மாதம் காரை மறுபடியும் அவர்களிடமே விடுகிறேன்.