ஆன்லைனில் மாண்டரின் வகுப்பு, வீட்டில் மசாலாத் தொழில்: நீண்டநாள் அனுபவம்

மலேசியாவில் சீனப்பள்ளியில் படித்த தமிழர்கள் பலருக்கு மாண்டரின் நன்றாகவே வரும். அதைக் கற்பித்துச் சம்பாதித்து, அந்த வருமானத்தில் சொந்தத் தொழில் தொடங்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே மசாலாத்தூள் தொழிலை வளர்த்துக்கொண்டு, சில ஆண்டுகளாக ஆன்லைனில் மாண்டரின் கற்பிக்கிறேன். முடியும். ஆனால் பணக்கணக்கைவிட நேரத்துக்கும் தொண்டைக்கும்தான் அதிகம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரெப்ளி போன்ற ஆன்லைன் கற்பித்தல் தளத்தில் சேர்ந்தால் மாணவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. புதிய மாணவரின் முதல் சோதனை வகுப்புக் கட்டணம் முழுவதும் அங்கே தளத்துக்குப் போகும். பிறகு 33 விழுக்காடு கமிஷன். கற்பித்த மணிநேரம் கூடக்கூட அது 18 வரை இறங்கும். ஆகவே மாதக்கணக்கில் நிலைத்துப் படிப்பவர்கள்தாம் நமக்கு வருமானம். தொடக்கத்துக்கு இது சரியான வழி என்றே சொல்வேன்.

என்னிடம் நிலைத்தவர்களில் பெரும்பாலோர் சீனாவில் சரக்கு வாங்கும் தமிழ்நாட்டு வியாபாரிகள். எச்எஸ்கே என்ற சீனமொழித் தகுதித் தேர்வு அவர்களுக்குத் தேவையில்லை. எண், விலை, அளவு, சரக்கு அனுப்பும் தேதி, விலை குறைத்துக் கேட்பது, இவை வேண்டும். வாங்குவதும் விற்பதும் மாண்டரினில் 'மாய்'தான். குரலின் ஏற்ற இறக்கமான தொனிதான் பொருளை மாற்றும்: மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. வியாபாரிக்குத் தொனியின் அருமை இந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிடும்.

தமிழருக்குக் கற்பிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. மாண்டரினை ரோமன் எழுத்தில் எழுதும் முறையான பின்யினில் 'ஜி' (g) எழுத்தின் ஒலி, 'கல்' என்று சொல்லும்போது நம் வாயில் வரும் ககரமேதான். 'கே' (k) எழுத்துக்கு அதையே மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். மெல்லிய தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக் கேமராவில் காட்டச் சொல்வேன். 'கே'க்குத் தாள் அசைய வேண்டும், 'ஜி'க்கு அசையக் கூடாது. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஆர்' நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். ஆங்கிலப் பாடநூலை வைத்துப் படிப்பவர்கள் திணறும் அந்த ஒலி நம்மவர்களுக்கு முதல் வகுப்பிலேயே வந்துவிடும். ஆனால் தமிழ் என்பதை ரோமன் எழுத்தில் எழுதிப் பழகியவர்கள் 'இஸட் எச்' கண்டாலும் ழகரம் என்றே வாசிப்பார்கள்; பின்யினில் அது நாக்கை மடித்துச் சொல்லும் சகர வகை. இதைத் தமிழில் விளக்க ஆசிரியர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஒவ்வொரு புதிய மாணவரிடமும் பார்க்கிறேன்.

கருவிகளுக்கு அதிகம் செலவில்லை. பிளிக்கோ அகராதி இலவசம். இலவச ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால் ஒருவருக்கொருவர் வகுப்புக்குக் கூகுள் மீட்டே போதும்.

நேரம்தான் கடினம். மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். கடை மூடிவிட்டு இரவு எட்டரைக்கு மாணவர் உட்கார்ந்தால் இங்கே பதினொன்று. அதனால் பலரைக் காலை ஆறரைக்கு மாற்றிக்கொள்ளக் கேட்டேன். எனக்கு அது ஒன்பது மணி. வகுப்புள்ள நாளில் மிளகாய் வறுப்பதில்லை. அந்த நெடி தொண்டையில் இறங்கினால் தொனி எதுவும் சரியாக வராது.

சீனாவின் குவாங்சோவில் 1957இல் தொடங்கிய கேன்டன் வணிகக் கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இலையுதிர்காலக் கண்காட்சி அக்டோபர் நடுவில் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில்தான் புது மாணவர்கள் அதிகம் கேட்டு வருவார்கள். தீபாவளி ஆர்டர்களும் அப்போதே குவியும். இந்த மோதலைத் தவிர்க்க வழியில்லை.

தொழிலுக்கான செலவை வகுப்பு வருமானமே தாங்கியது. வணிகப் பெயரில் பதிவு செய்ய ஆண்டுக்கு 60 ரிங்கிட். அது சிறு தொகை. சுகாதார அமைச்சின் மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தயாராவதும் பொட்டலப் பைகளும்தான் பணத்தை விழுங்கின. பைகளை 1688 என்ற சீன மொத்த விற்பனைத் தளத்தில் சீனத்திலேயே பேசி வாங்குகிறேன். அங்கே பையின் தடிமனை 'ஸி' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ஸி என்றால் 0.01 மில்லிமீட்டர். இரு பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறாரா, ஒரு பக்கத்துக்கு மட்டுமா என்று கேட்டுவிட வேண்டும். அந்த உரையாடலையே வியாபாரிகளுக்குப் பாடமாக்கிவிட்டேன்.

இப்போது ஆகஸ்ட் முதல் தீபாவளி வரை புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அக்டோபரில் குவாங்சோ போக நினைப்பவர்கள் ஏப்ரலிலேயே தொடங்கிவிட வேண்டும் என்று விசாரிக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.