பகை ஆறிய விதம்: ஜகார்த்தாவும் தோக்கியோவும்

கோலாலம்பூருக்கு, அதாவது மலேசிய அரசுக்கு, பழைய பகை இரண்டு. இந்தோனேசியாவோடு 1963இல் மூண்ட ‘கொன்ஃப்ரொந்தாசி’ (மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல்) சீக்கிரமே ஆறிவிட்டது. அந்நாட்டு அதிபர் சுகர்னோவின் பிடி தளர்ந்ததும், 1966 ஆகஸ்ட் 11இல் ஜகார்த்தாவில் ஒப்பந்தம். மறு ஆண்டே தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் ஒரே மேசை.

இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான் கதை வேறு. 1967 ஒப்பந்தப்படி 2 சரக்குக் கப்பல்கள் தந்து போர்க்கணக்கை முடித்தார்கள். 1982இல் அப்போதைய பிரதமர் மகாதீர், ஜப்பானைப் பார்த்துக் கற்கச் சொல்லி, ‘கிழக்கை நோக்கு’ என்றார். அரசுக்குச் சரி. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் சென்ற தமிழர்களுக்கு? அவர்கள் எலும்பைக் கப்பலா ஈடுகட்டும்! என் கணக்கில் இந்தோனேசியச் சமாதானமே சுத்தமானது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) ஆற்றும் அண்ணன், “எங்க பெரிய தாத்தா சயாமுக்குப் போனவரு, திரும்பவே இல்ல” என்பார். அப்புறம் கடையைச் சாத்திவிட்டு, தன் ஜப்பானிய ஹோண்டா பைக்கை உதைத்துக் கிளப்புவார்.