டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்: மெஷின் தங்கம், ஹோஸ் தலைவலி

வீட்டு மரவேலைப் பட்டறைக்கு டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர், அதாவது கருவியோடு ஹோஸில் இணைத்துத் தூசை உறிஞ்சும் மெஷின், பார்க்கிறேன், நீ வைத்திருப்பதையே வாங்கிவிடட்டுமா என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

உறிஞ்சுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எம் வகுப்பு மெஷின், அதாவது இழுக்கிற தூசில் 0.1 சதவீதத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. 240 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து முடித்துப் பலகையைத் தடவினால் விரலில் மாவு ஒட்டுவதில்லை. சாண்டர், அதாவது உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மெஷின், அதன் சுவிட்சைப் போட்டதும் எக்ஸ்ட்ராக்டர் தானே ஓடுகிறது, நிறுத்திய பிறகும் சில விநாடி ஓடி ஹோஸில் தங்கியதையும் இழுத்துக்கொள்கிறது. வாங்கும்போது நான் பொருட்படுத்தாத வசதி இது, இப்போது இது இல்லாமல் வேலையே ஓடாது. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, அதனால் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆனால் அந்த ஹோஸ்! மேலெல்லாம் வரிவரியாக மேடும் பள்ளமும். பலகை மூலையில் போய் மாட்டிக்கொள்ளும், சாண்டரை முன்னே தள்ளுகிற நேரத்தில் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுக்கும், சாண்டர் ஒருபக்கம் சாய்ந்து விளிம்பில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும், அது பாலிஷ் போடும்போதுதான் கண்ணில் படும். மேலே கொக்கி போட்டுத் தொங்கவிட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் அதன் வாய். சாண்டருக்குச் சரியாக இருக்கிறது, மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டரில் லூசு, வளைவாக அறுக்கும் ஜிக்சாவில் நுழையவே நுழையாது. ரப்பர் அடாப்டர் வேலை நடுவே கழன்று விழ, இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் ஓட்டுகிறேன். சர்வீஸ் சென்டரில் கேட்டால் எல்லா மெஷினும் அப்படித்தான் என்கிறார்கள். இவ்வளவு நல்ல மோட்டாரைச் செய்தவர்களுக்கு வழவழப்பான ஒரு ஹோஸ் கொடுக்க மனம் வரவில்லையே!

பலகையைச் சீவும் பிளேனர் மெஷின் இருந்தால் கதையே வேறு. அது சீவித் தள்ளும் சுருளெல்லாம் மெல்லிய ஹோஸில் அடைத்துக்கொள்ளும், 100 மில்லிமீட்டர் குழாயுள்ள டஸ்ட் கலெக்டர் மெஷின்தான் சரி. எக்ஸ்ட்ராக்டரே போதும் என்றால் முன்னால் ஒரு சைக்ளோன் வாளி, அதாவது காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் வாளி, வையுங்கள், பெரும்பாலான தூள் அதிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது.

நண்பனிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். உன் சாண்டரைக் கடைக்கே எடுத்துப்போய் ஹோஸை மாட்டி, மேசை விளிம்பில் இழுத்துப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது எடு. சரி, அப்படியென்றால் உன்னுடையதை எனக்கு விற்றுவிடு என்றான். அது மட்டும் நடக்காது.