பெட்டிக்கு மும்பை வரைதான் டிக்கெட்

46 கிலோவைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்குப் போக முடியுமா? இந்தக் கேள்வி உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். மும்பை விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் இரவு ஒன்பது மணியிலிருந்து எனக்கு வேறு எந்தக் கேள்வியும் இல்லை.

மூன்று வாரப் பயணம். ஊரில் ஆடிக் கொடை, அதாவது கோயில் திருவிழா, நன்றாக நடந்தது, சாமியாடி அருள்வாக்குச் சொன்னார், வங்கி வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது அந்த ஓர் இரவைப் பற்றித்தான்.

சிகாகோவிலிருந்து மும்பை வந்துபோக ஒரு டிக்கெட், அது பிப்ரவரியிலேயே எடுத்தது. மும்பையிலிருந்து மதுரை போய்வர இன்னொரு டிக்கெட், அது ஜூன் கடைசியில், வேறொரு நிறுவனத்தில். ஏன் ஒன்றாக எடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்குக் கொடை பற்றித் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கொடைக்குத் தேதி குறிப்பதும் விமான டிக்கெட் மலிவாகக் கிடைப்பதும் ஒரு வருடமும் ஒன்றாக அமைந்ததில்லை. மும்பைச் செம்பூரில் இருக்கும் அக்கா, "தேதி முடிவாகிவிட்டது, வா" என்று சொல்லும்போது மதுரை டிக்கெட் ஏறிப் போயிருக்கும்.

இரண்டு டிக்கெட் என்பது எனக்குப் புதிதில்லை. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் காலத்தில் திருவனந்தபுரத்தில் ஏறுவேன். கவுண்டரில் இரண்டு டிக்கெட்டையும் நீட்டினால், அங்கிருப்பவர் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்வார், நெற்றியைச் சுருக்குவார், யாரையோ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார். பிறகு நீளமாக ஒரு சீட்டு வரும். அதில் போகும் ஊர்கள் வரிசையாக இருக்கும். கைப்பிடியில் சுற்றி ஒட்டிவிட்டால் முடிந்தது கதை. பெட்டியை அடுத்து அமெரிக்காவில்தான் பார்ப்பேன். இறங்கும் முதல் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடக்க வேண்டும் என்பது இந்தியாவிலும் உண்டு, அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே சுங்கத்தைத் தாண்டிய இடத்திலேயே ஒரு பெல்ட் ஓடும். அடுத்த விமானத்துக்கான சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பெட்டியை அதில் தூக்கிப் போட்டுவிட்டுக் கைவீசி நடக்கலாம்.

அந்த நினைப்போடுதான் மதுரை கவுண்டரில் நின்றேன். சின்னப் பெண். பணிவாகப் பேசினாள், அதனால் கோபப்படவும் வழியில்லை.

"பெட்டியை மும்பை வரைதான் சார் போட முடியும்."

"இதோ பாரம்மா, இன்றைக்கு ராத்திரியே சிகாகோ விமானம். டிக்கெட் இருக்கிறது."

"அது வேறு டிக்கெட் சார். இது வேறு டிக்கெட்."

கைப்பேசியில் டிக்கெட்டைத் திறந்து காட்டினேன். எண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினாள். சீட்டை மும்பைக்குத்தான் அடித்தாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனம் கைமாற்றி வாங்கிக்கொள்ள இரண்டுக்கும் நடுவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த வம்புக்கே போவதில்லை. ஒப்பந்தம் உள்ளவற்றிலும் பல, இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் வாங்குவேன் என்கின்றன. சீட்டில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கிறதே, அதற்குள் விமான நிறுவனத்தின் எண்ணும் உண்டு. பெட்டி தொலைந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதற்கு அது ஒரு சாட்சி. இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் சாட்சி கிடையாது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அப்படித்தான். நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு அவர்கள் பறந்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நிற்கிறேன்.

அடுத்தது எடை. சிகாகோ டிக்கெட்டுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. உள்நாட்டு டிக்கெட்டுக்கு மொத்தமே 15 கிலோ. மிச்சம் 31 கிலோவுக்குக் கிலோக் கணக்கில் பணம். கட்டிய தொகையை எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள். டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த 31 கிலோவில் கருப்பட்டி எவ்வளவு, புளி எவ்வளவு, அல்வா எவ்வளவு என்று மும்பை வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சிகாகோ தமிழ்க் கடையில் இதே புளி இதைவிட மலிவு.

என் விமானம் இறங்கியது முதலாம் முனையத்தில், அதாவது சாந்தாகுரூஸில். போக வேண்டியது இரண்டாம் முனையத்துக்கு, அதாவது சஹாருக்கு. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் எங்கள் தலைமுறைக்கு அது சாந்தாகுரூஸ், இது சஹார். இரண்டையும் இணைக்கிற மாதிரி 2024 அக்டோபரில் நிலத்தடி மெட்ரோ வந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு நிலையம்தான். "மெட்ரோவில் போங்கள் மாமா" என்று அக்கா மகன் ஊரிலேயே சொல்லியனுப்பினான். அவன் முதுகில் ஒரு பை மாட்டிக்கொண்டு பயணம் போகிறவன். நான் டாக்ஸி பிடித்தேன். ஆடி மாதத்து மும்பை மழை. நாலைந்து கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். ஓட்டுநர் வழி முழுக்க மராத்தியில் மழையைத் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். அந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைய நாளின் நல்ல பொழுது.

சஹாரில் வாசல் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து உள்ளே விட்டார். மயில்தோகை போல விரிந்து கூரையைத் தாங்கும் அந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் மலரும். எனக்கும் மலர்ந்தது, பெட்டி போடும் கவுண்டரைத் தேடிப் போகும்வரை. நாலு மணி விமானத்துக்கு ஒரு மணிக்குத்தான் திறப்பார்களாம். அப்போது மணி ஒன்பது.

பெட்டியைக் கொடுக்காமல் உள்ளே போக முடியாது. அக்கா இன்னும் ஊரில், செம்பூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சரி, உட்கார்ந்திருக்கலாம் என்றால், மதுரையிலிருந்து குடித்த இரண்டு இளநீரும் ஒரு காபியும் உட்கார விடவில்லை.

கழிப்பறை வாசலில் வழி இரண்டு முறை வளைகிறது. முதல் வளைவில் தள்ளுவண்டி திரும்பியது. இரண்டாவது வளைவில் சக்கரம் சுவரில் இடித்து நின்றது. பின்னால் நாலு பேர், முன்னால் கை கழுவிவிட்டு வருபவர்கள். பின்னோக்கி இழுத்து வெளியே வந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை பெரிதாக இருந்தது, ஆனால் அதற்குள் போக மனச்சாட்சி விடவில்லை. வண்டியை வெளியே விட்டுவிட்டுப் போகலாம் என்றால், கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைப் பாதுகாப்புப் படை எடுத்துப் போய்விடும் என்று ஒலிபெருக்கி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்தவர் பெட்டிக்குப் பொறுப்பேற்காதீர்கள் என்றும் கூடவே சொன்னது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால், தனியாக வருகிறவன் தண்ணீரே குடிக்கக் கூடாது என்று பொருள்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸை நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் மும்பையிலிருந்து வருடா வருடம் அதில்தான் ஊருக்குப் போவோம். அப்பா இருக்கைக்கு அடியில் டிரங்குப் பெட்டியைத் தள்ளி, சங்கிலி கோத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூல் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்வார். பிறகு நாடு முழுக்கத் தூங்கலாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதிரே ஒரு வயதான தம்பதி. அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் பெட்டிச் சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் பெயரை அச்சடித்திருந்தார்கள். இடம் போதாமல் 'இசக்கிமு' என்று நின்றிருந்தது.

"இசக்கிமுத்துவா? எந்த ஊர் தம்பி?"

சொன்னேன். அவர்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம், 40 வருடமாக மும்பைச் சயான் கோலிவாடாவில் கடை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"போய்விட்டு வாருங்கள் தம்பி. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

ஒலிபெருக்கியைக் கைகாட்டினேன். "அடுத்தவர் பெட்டியைத்தானே பார்க்கக் கூடாது என்கிறான்? நீங்கள் எங்கே அடுத்தவர்?" என்றார்.

சிகாகோவில் இருபது வருடமாக இருக்கிறேன். அங்கே சீட்டை இயந்திரம் அடிக்கும், நானே ஒட்டுவேன், நானே பெல்ட்டில் வைப்பேன், வரிசையும் நகரும். கேட்டால் உதவாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் கேட்க வேண்டும். இங்கே கேட்கவே தேவையில்லை, உங்கள் பெட்டியில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள். மற்ற நாளில் இதுவே எனக்கு எரிச்சல்.

திரும்பி வந்ததும் பெரியவர் தன் காகிதங்களைக் கொடுத்தார். மான்செஸ்டரில் இருக்கும் மகனிடம் போகிறார்கள். மகன் அனுப்பியதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். வாசித்ததும் எனக்கு வியர்த்தது. மும்பையிலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட். துபாயிலிருந்து மான்செஸ்டருக்கு வேறு நிறுவனத்தில் வேறு டிக்கெட். என் கதையேதான். ஒரு வித்தியாசம், நடுவில் இருப்பது வேறு நாடு. பெட்டியை அங்கே எடுக்க வேண்டுமென்றால் குடியேற்றத்தைக் கடந்து வெளியே வர வேண்டும், அதற்கு விசா வேண்டும். பிரிட்டன் விசாவை ஒட்டி வைத்திருந்தார்கள். துபாய் விசா இல்லை.

"அண்ணாச்சி, துபாயில் இறங்கி வெளியே போக வேண்டும் என்று மகன் சொன்னாரா?"

"இல்லையே. இறங்கி ஏற வேண்டியதுதான் என்றான்."

அதற்குமேல் என்ன சொல்வது? அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பதினொன்றரைக்கு அவர்கள் கவுண்டர் திறந்தது. என் தள்ளுவண்டியையும் தள்ளிக்கொண்டு அவர்களோடு வரிசையில் நின்றேன். மதுரையில் எனக்கு நடந்தது இங்கேயும் நடந்தால், பெட்டி மட்டும் நிற்காது. அவர்களையே விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிடலாம்.

கவுண்டரில் இருந்த இளைஞர் உறையைப் பிரித்து இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் இந்தியில் வாதாடத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் நிமிரவே இல்லை. தட்டச்சு செய்தார், நெற்றியைச் சுருக்கினார், பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டார். திருவனந்தபுரத்தில் பார்த்த அதே நெற்றி. நாலு நிமிடம் இருக்கும். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. நீளமான சீட்டு. மேலே பெரிதாக எம்.ஏ.என்., அதாவது மான்செஸ்டர்; கீழே சிறிதாக டி.எக்ஸ்.பி., அதாவது துபாய். அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்திருக்கிறது, டிக்கெட் இரண்டானாலும் இணைக்கலாம் என்ற விதியும் இருந்திருக்கிறது. மான்செஸ்டர் விமானத்துக்கான போர்டிங் பாஸையும் சேர்த்தே கொடுத்தார். பெட்டி நேரே போய்விடும், துபாயில் வெளியே வர வேண்டியதில்லை.

எனக்கு மகிழ்ச்சிதான். பொறாமையும் இருந்தது, மறைப்பானேன்? மகனுக்கு இந்த விவரம் தெரிந்து எடுத்தானா, குருட்டு அதிர்ஷ்டமா என்று நான் கேட்கவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மா விடைபெறும்போது பெட்டியைத் திறந்து ஒரு கிலோ அல்வாவை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். மான்செஸ்டரில் பேரனுக்குக் கொடுப்பாராம். அதற்கு நான் மதுரையில் கூடுதல் எடைக் கட்டணம் கட்டியிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு என் கவுண்டர் திறந்தது. முதல் பெட்டி 22.9. அல்வா போன பெட்டி 22.1. இன்னும் கொஞ்சம் வைக்கலாம் சார் என்றார் கவுண்டரில் இருந்தவர், சிரிக்காமல். பிறகு மதுரைச் சீட்டைப் பிடித்து இழுத்தார். பழைய சீட்டு ஒட்டியிருந்தால் பெட்டி வழி தவறிவிடும் என்று சொல்லிக்கொண்டே கிழித்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். புதுச் சீட்டில் ஓ.ஆர்.டி., அதாவது சிகாகோ, என்று பெரிதாக வந்தது. என் பெயர் இந்த முறை 'இசக்கி'யோடு நின்றுவிட்டது.