ஒரே மாவு, மூன்று டின்

தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். ஒன்பது வருடமாக அதே ஓடிஜிதான், அதாவது கேக் வேக வைக்கும் சின்ன மின்சார அடுப்பு. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் "எந்த டின் வாங்கலாம் அக்கா?" என்று கேட்பார்கள். வாயால் சொல்வதைவிடச் செய்து பார்த்துச் சொல்லலாமே என்று, போன மாதம் ஒரே அளவில் மூன்று முறை பட்டர் கேக் மாவு கலக்கி, மூன்று 7 அங்குல டின்களில் 170 டிகிரியில் வைத்தேன்.

முதலாவது, பாத்திரக்கடையில் வாங்கிய சாதாரண அலுமினிய டின். பூச்சு எதுவும் இல்லை, கனம் உண்டு. 38 நிமிடத்தில் வெந்தது. ஓரம் இளம்பொன் நிறம், மேல்பக்கம் சமமாக இருந்தது. அலுமினியம் சூட்டை வாங்கி எல்லாப் பக்கமும் சீராகப் பரப்பும், வெளியே எடுத்ததும் சீக்கிரம் ஆறியும் விடும். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் எவர்சில்வர் டப்பாவில் கேக் வைத்தால் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் வெளுத்துக் கிடக்கிறது. அலுமினியத்துக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சை கேக் என்றால் பட்டர் பேப்பரை அடியிலும் சுற்றிலும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கறுப்பு நான்ஸ்டிக். அரை மணி நேரத்திலேயே ஓரம் கறுத்துத் தடித்துவிட்டது, நடுவில் மேடு தட்டி வெடித்தது. கறுப்பு நிறம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஓடிஜியில் சூடாகும் கம்பியும் டின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மறுமுறை 155 டிகிரியில் வைத்தபோது நன்றாகவே வந்தது. டின்னைக் குறை சொல்ல மாட்டேன், சூட்டைக் குறைக்கத்தான் வேண்டும். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டிய பிரெட்டுக்கு இதைத்தான் எடுக்கிறேன்.

கண்ணாடிப் பாத்திரத்தில் 50 நிமிடம் ஆனது. கண்ணாடி சூடேறவும் நேரமெடுக்கும், சூட்டை விடவும் நேரமெடுக்கும். வெளியே எடுத்த பிறகும் ஓரம் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருந்து வறண்டுவிட்டது. கேக்குக்கு வேண்டாம். பிரெட் புட்டிங்குக்கு அருமை, அப்படியே மேசையில் வைத்துப் பரிமாறலாம். ஆனால் சூடான கண்ணாடியை ஈரத் துணிமேல் வைத்துவிடாதீர்கள். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் என் பாத்திரம் அப்படித்தான் இரண்டாகப் பிளந்தது.

சிலிகான் அச்சில் பக்கங்கள் நிறம் வராமல் வெளுத்தே இருக்கும். நான் பிள்ளைகளின் சின்ன கேக்குக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

இனி தட்டு. எங்கள் ஊர் மக்ரூன் முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மட்டும் சேர்ந்தது. குறைந்த சூட்டில் மெதுவாகக் காய வேண்டும், வெள்ளையாகவே இருக்க வேண்டும். அடுப்போடு வந்த கறுப்புத் தட்டில் வைத்து எத்தனையோ முறை அடி பழுப்பேறி மனம் நொந்திருக்கிறேன். அந்தத் தட்டு அடுப்பை முழுக்க அடைத்துவிடும், காற்று சுற்ற வழியே இல்லை. வெளிர் நிற அலுமினியத் தட்டு வாங்கி, சுற்றிலும் ஓர் அங்குலம் இடம் விட்டு வைத்த பிறகுதான் அடியும் வெள்ளையாக வந்தது. மெல்லிய தகட்டுத் தட்டு வேண்டவே வேண்டாம். 200 டிகிரியில் 'டங்' என்று முறுக்கிக்கொள்ளும், பிஸ்கட் எல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்துவிடும்.

அப்புறம் அளவு. 8 அங்குலச் சதுர டின்னும் 8 அங்குல வட்ட டின்னும் ஒன்றல்ல. சதுரத்தின் பரப்பு 64 சதுர அங்குலம், வட்டத்துடையது 50தான். சதுர டின்னுக்கான மாவை வட்டத்தில் ஊற்றினால் பொங்கி வழியும். 9 அங்குல வட்டம் என்றால் சரியாக இருக்கும்.

முதல் டின் வாங்கப் போகிறவர்கள் 7 அங்குல வட்ட அலுமினியம் ஒன்று வாங்குங்கள். பக்கம் சரியாமல் நேராக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் நெளியக் கூடாது. கடையில் அழுத்திப் பார்த்தே வாங்குங்கள்.